செலுத்துதிறன், உடன்குழாய்: இரண்டு கலைச்சொற்கள்

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். நாட்டெல்லையைக் கடந்து செல்லும் எரிவாயுக் குழாய்வழிகளைப் பெரிதாக்கும் பணிகளுக்கு 'குழாய் விரிவாக்கம்' என்ற சொல்லே போதும் என்று முந்தைய மடலில் எழுதப்பட்டிருந்தது. எனக்கு அதில் உடன்பாடில்லை. சாலை விரிவாக்கம் என்றால் அகலப்படுத்துவது என்றும், மெட்ரோ விரிவாக்கம் என்றால் பாதையை நீட்டுவது என்றும் நாம் புரிந்துகொள்கிறோம். குழாய்வழியில் பெரும்பாலும் இவ்விரண்டுமே நடப்பதில்லை.

காஸ்பியன் கடலின் ஷா டெனிஸ் எரிவாயு வயலிலிருந்து இத்தாலி வரை எரிவாயுவைக் கொண்டுசெல்லும் தெற்கு எரிவாயு வழித்தடத்தை எடுத்துக்கொள்வோம். அதன் முதல் பகுதியான தென் காகசஸ் குழாய்வழி, அஜர்பைஜானின் சங்கச்சால் முனையத்தில் தொடங்கி ஜார்ஜியா வழியாகத் துருக்கி எல்லை வரை ஏறத்தாழ 690 கி.மீ. செல்கிறது, 2006-ஆம் ஆண்டின் இறுதியில் இயங்கத் தொடங்கியது. ஷா டெனிஸின் இரண்டாம் கட்ட உற்பத்திக்காக அதைப் பெரிதாக்க நேர்ந்தபோது, பழைய 42 அங்குலக் குழாயை அப்படியே விட்டுவிட்டு, அஜர்பைஜான் பகுதியில் 400 கி.மீ.க்கும் அதிகமான தொலைவுக்கு அதன் அருகிலேயே 48 அங்குலக் குழாய் ஒன்றைப் பதித்தார்கள். ஜார்ஜியாவில் வாயுவின் அழுத்தத்தை உயர்த்தி முன்னே தள்ளும் அமுக்கி (கம்ப்ரசர்) நிலையங்கள் இரண்டைப் புதிதாகக் கட்டினார்கள். ஆனால் அதே வழித்தடத்தின் கடைசிப் பகுதியாக, கிரேக்கம், அல்பேனியா, அட்ரியாட்டிக் கடல் வழியாக இத்தாலியை அடையும் 878 கி.மீ. நீள டிரான்ஸ் அட்ரியாட்டிக் குழாய்வழியின் வடிவமைப்பு வேறு வகையானது. ஆண்டுக்கு 1,000 கோடி கன மீட்டர் என்னும் தொடக்க அளவை, அமுக்கி நிலையங்களைக் கூட்டுவதன் மூலமே 2,000 கோடியாக்க முடியும் வகையில் அது திட்டமிடப்பட்டது. ஓரிடத்தில் பக்கத்தில் புதுக்குழாய், இன்னோரிடத்தில் அழுத்தம் மட்டும். இரண்டையும் 'விரிவாக்கம்' என்று எழுதினால், யாருடைய நிலத்தில் மீண்டும் பள்ளம் தோண்டப் போகிறார்கள் என்பது வாசகருக்குத் தெரியாமல் போய்விடும். இது சொல்லழகைப் பற்றிய கேள்வியன்று.

இரு முறைகளுக்கும் பொதுவாக உயர்வது, குறிப்பிட்ட காலத்தில் குழாய் வழியே அனுப்பக்கூடிய வாயுவின் அளவு. அதைக் 'கொள்ளளவு' என்று எழுதுவது பொருந்தாது. மேட்டூர் அணையின் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. என்னும்போது தேங்கி நிற்கும் நீரைத்தான் சொல்கிறோம். குழாய்க்குள்ளும் அழுத்தத்தில் அடைபட்டு எப்போதும் ஓரளவு வாயு இருக்கிறது. குளிர்காலத்தில் தேவை திடீரென உயரும்போது கைகொடுப்பது அதுவே. அதற்குக் 'குழாயிருப்பு' என்ற சொல் தனியே வேண்டும். 'கடத்துதிறன்' என்று சொல்லலாமே என்றால், அதில் இரு இடர்கள் உள்ளன. இயற்பியல் நூல்களில் அது மின்சாரத்துக்கும் வெப்பத்துக்கும் உரிய சொல்லாக நிலைபெற்றுவிட்டது. அத்துடன், 'எல்லை வழியே எரிவாயு கடத்தல்' என்று ஒரு தலைப்பு வந்தால் சுங்கத்துறை வழக்கு என்றே எவரும் நினைப்பார். ஆகவே 'செலுத்துதிறன்' என்பதை முன்மொழிகிறேன்; பெரிதாக்கும் பணி 'செலுத்துதிறன் உயர்வு' ஆகும். குழாயைப் புதிய ஊர்வரை கொண்டுபோவதை 'நீட்டிப்பு' என்றே சொல்லலாம்.

அடுத்தது, பழைய குழாயின் பக்கத்தில் பதித்து இரு முனைகளிலும் அதனுடன் சேர்க்கப்படும் குழாய். ஒரே அளவுள்ள இரண்டாம் குழாய் வந்தவுடன் ஒவ்வொன்றிலும் ஓட்டம் பாதியாகிறது. உராய்வால் ஏற்படும் அழுத்த இழப்பு ஓட்டத்தின் இருமடியைப் பொறுத்தது என்பதால் அது ஏறக்குறைய நான்கில் ஒன்றாகக் குறைகிறது. மிஞ்சிய அந்த அழுத்தத்தைக் கொண்டுதான் கூடுதல் வாயுவை அனுப்புகிறார்கள். ஆங்கிலத்தில் 'லூப்' என்பதால் 'வளையக் குழாய்' என்று பெயர்க்கத் தோன்றும். ஆனால் அங்கே வளைந்து திரும்புவது எதுவும் இல்லை. 'இணைகுழாய்' நல்ல சொல்தான், பொருளும் சரிதான். எனினும் கிரேக்கத்தின் கொமொதினியிலிருந்து பல்கேரியாவின் ஸ்டாரா சகோரா வரை 2022 அக்டோபரில் வணிக இயக்கத்துக்கு வந்த 182 கி.மீ. குழாய் போன்றவற்றுக்கு, அதாவது இரு நாடுகளின் வலையமைப்புகளைச் சேர்ப்பனவற்றுக்கு, 'இணைப்புக்குழாய்' என்ற பெயர் ஏற்கெனவே புழங்குகிறது. ஒரே கட்டுரையில் இணைகுழாயும் இணைப்புக்குழாயும் அடுத்தடுத்து வந்தால் எழுதுபவரே தடுமாறுவார். எனவே 'உடன்குழாய்' என்கிறேன்: முதற்குழாயுடன் சேர்ந்து செல்வது, அதன் சுமையைப் பகிர்வது.

'எல்லை தாண்டிய' என்ற அடைமொழியையும் தவிர்க்க விரும்புகிறேன். மீனவர் கைதுச் செய்திகளில் அது குற்றச்சாட்டாகவே ஒலித்துப் பழகிவிட்டது. 'நாடிடைக் குழாய்வழி' என்பது அந்தக் கறை இல்லாத சொல்.

இவற்றைக் கொண்டு ஒரு தொடர் எழுதிப் பார்த்தேன்: "தெற்கு வழித்தடத்தில் ஐரோப்பாவுக்கு வரும் வாயுவை 2027-க்குள் ஆண்டுக்கு 2,000 கோடி கன மீட்டராக்க 2022 ஜூலையில் ஐரோப்பிய ஒன்றியமும் அஜர்பைஜானும் புரிந்துணர்வு கண்டன, இதற்கு நாடிடைக் குழாய்வழிகளின் செலுத்துதிறனை உயர்த்த வேண்டும், அதை அமுக்கி நிலையங்களாலோ உடன்குழாய்களாலோ செய்யலாம்." எனக்கு இது தடையின்றி வாசிக்க முடிகிறது. 'அமுக்கி' என்பதற்குப் பதிலாகக் கம்ப்ரசர் என்றே விடலாம் என்போர் தம் காரணத்தை எழுதக் கோருகிறேன். அந்த ஒரு சொல்லில் நான் இன்னும் முடிவுக்கு வரவில்லை.

அன்புடன்.