புதுப்பிப்பு: காட்பாடியில் வாங்கிய பழைய தேக்கு மேசை

கருத்துப்போன மேசைக்கு பெயின்ட்டா, பாலிஷா என்று போன மாதம் கேட்டிருந்தேனே, பெயின்ட் அடிக்கவில்லை.

பஞ்சில் ஸ்பிரிட் நனைத்து அடிப்பக்கம் தேய்த்துப் பார்க்கச் சொன்னார் ஒரு அண்ணா. பழுப்பாகப் பிசுபிசுத்து வந்தது. அப்படியென்றால் பழைய பூச்சு அரக்கு பாலிஷ். சுரண்ட வேண்டாம், ஸ்பிரிட்டிலேயே கரையும். துடைக்கத் துடைக்கத் தேன் நிறத்தில் மர ரேகை தெரிந்ததும் அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவ்வளவு அழகு! பிறகு 220 நம்பர் உப்புத்தாள், ரேகை ஓடும் திசையிலேயே. குறுக்கே இழுத்தால் சாயம் ஏறியதும் கீறல் கருப்பாகத் தெரியும்.

புதிதாக அடித்த அரக்கு பாலிஷில் முதல் பூச்சு கெட்டது. வேலூர் வெயிலில் மொட்டை மாடியில் பூசினால் ஸ்பிரிட் உடனே பறந்து பிரஷ் தடம் நின்றுவிடுகிறது. மறுபடி துடைத்து, விடிகாலையில் வராந்தாவில் மெல்லிசாக ஐந்து முறை பூசினேன்.

சூடான டம்ளரை மட்டும் வைக்க விடுவதில்லை. வெள்ளை வட்டம் விழும்.