இன்குபேட்டருக்கு அரசு மானியமும் அரசு ஒப்பந்தமும்: பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது, எதை முதலில் பிடிப்பது?

நொய்யல்_பெண்:

வணக்கம் நண்பர்களே. கோவையில் ஒரு பிரிவு 8 நிறுவனத்தில் வேலை செய்கிறேன். தண்ணீர், விவசாயம் சம்பந்தமாகப் புதிய கருவிகள் செய்து பார்க்கிறவர்களுக்கு இடம், ஆய்வக வசதி, ஆரம்பப் பணம் ஏற்பாடு செய்து கொடுப்பதுதான் எங்கள் வேலை (இதைத்தான் இன்குபேட்டர் என்பார்கள்), லாப நோக்கம் கிடையாது. இதுவரை கம்பெனிகள் சமூகப் பொறுப்புக்காகக் கொடுக்கும் சிஎஸ்ஆர் பணத்திலும் ஓரிரு அறக்கட்டளைகளின் உதவியிலும் ஓடியது. இப்போது இயக்குநர் குழு அரசுப் பணத்துக்கென்று தனிப் பிரிவு தொடங்கி என்னைத் தலைமையாகப் போட்டிருக்கிறது.

மத்திய அரசுத் திட்டம் ஒன்றில் எங்கள் விண்ணப்பம் கடைசிச் சுற்று வரை போயிருக்கிறது. அதே சமயம் மாநிலத் துறை ஒன்று, கிராமத்து இளைஞர்களுக்குப் பயிற்சி நடத்தி, சில கருவிகளை வயலில் சோதித்து அறிக்கை தர முடியுமா, கட்டணம் கொடுக்கிறோம் என்று கேட்கிறது. முதலாவது மானியம், இரண்டாவது ஒப்பந்தம் என்ற அளவுக்குத் தெரியும். ஆனால் அலுவலகத்தில் இரண்டையும் ஒரே கணக்காகப் பேசுகிறார்கள், எனக்கு அது உறுத்துகிறது.

குழு எனக்கு வைத்திருக்கும் இலக்கு, வருடத்துக்கு இத்தனை கோடி கொண்டு வர வேண்டும் என்பது. அது சரியான அளவுகோல்தானா? விண்ணப்பம் நன்றாக எழுதுகிற ஒருவரை முதலில் வேலைக்கு எடு என்கிறார்கள், அதைச் செய்யலாமா? மாநிலத் துறை வேலையை ஒப்புக்கொள்வதற்கு முன் என்ன பார்க்க வேண்டும்? உப்பு ஏறிப்போன கிணறுகளுக்கு ஒரு பையன் செய்து வைத்திருக்கும் கருவி பணமில்லாமல் மேசையில் கிடக்கிறது. அது வயலுக்குப் போக வேண்டும் என்பதுதான் எனக்கு முக்கியம், அதனால் தெரிந்தவர்கள் நேரடியாகச் சொல்லுங்கள்.

மேட்டூர்_அணை:

நானும் இதே வேலையில்தான் இருக்கிறேன், வேறு ஊர். இலக்கைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மற்ற குழப்பங்கள் பலவும் அதிலிருந்துதான் முளைக்கின்றன.

கோடிக் கணக்கில் இலக்கு வைத்தால், அந்தக் கோடியில் எவ்வளவு உங்கள் அமைப்பை நடத்தப் பயன்படும் என்பதை யாரும் பார்க்க மாட்டார்கள். புதிய நிறுவனங்களுக்கு ஆரம்பப் பணம் தர மத்திய அரசு கொண்டு வந்த ஸ்டார்ட்அப் இந்தியா சீட் ஃபண்ட் திட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 2021-ல் 945 கோடி ரூபாய் ஒதுக்கீட்டில் வந்தது, ஒரு இன்குபேட்டருக்கு 5 கோடி வரை தரலாம் என்றிருந்தது. செய்தித்தாளுக்கு அருமையான எண். ஆனால் அந்த 5 கோடி ஸ்டார்ட்அப்களுக்குக் கைமாற்றிக் கொடுக்க வேண்டிய பணம், உங்களுக்கு உரியது நிர்வாகக் கட்டணம் 5 சதவீதம், அதாவது முழுத் தொகையும் வந்தால் 25 லட்சம். தேர்வுக் குழுக் கூட்டம், ஒவ்வொரு ஸ்டார்ட்அப்போடும் ஒப்பந்தம், தவணை கொடுத்தபின் கண்காணிப்பு, கணக்கு என எல்லாவற்றையும் அதற்குள்தான் முடிக்க வேண்டும். மத்திய அரசின் அடல் இன்குபேஷன் சென்டர் திட்டம் வேறு மாதிரி. அதிகபட்சம் ஐந்து ஆண்டுகளில் 10 கோடி வரை, முதலீட்டுச் செலவுக்கும் நடைமுறைச் செலவுக்கும் சேர்த்து. ஆனால் குறைந்தது 10,000 சதுர அடி கட்டடம் நீங்கள் காட்ட வேண்டும். கோவையில் அவ்வளவு இடத்தை ஐந்து வருடம் ஒதுக்கி வைப்பதன் மதிப்பு என்ன என்று உங்கள் குழு கணக்குப் போட்டிருக்கிறதா? சிறு ஊர்களுக்கான அடல் சமுதாயப் புத்தாக்க மையம் என்றால் 2.5 கோடி வரைதான், அதற்கும் நடத்துகிற அமைப்பு சம பங்கு கொண்டு வர வேண்டும். பணம் இல்லை என்று சொல்ல முடியாது, இந்த இரண்டையும் நடத்தும் அடல் புத்தாக்க இயக்கத்தை 2028 மார்ச் வரை நீட்டி 2,750 கோடிக்கு 2024 நவம்பரில்தான் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. எந்தப் பணம் உங்களைத் தாங்கும், எந்தப் பணத்தை நீங்கள் தாங்க வேண்டியிருக்கும் என்று பிரித்துப் பார்க்கிற ஆள் ஒருவர் வேண்டும். அந்த ஆள் நீங்கள்தான், குழு உங்களுக்குக் கொடுத்திருக்கும் பதவி உண்மையில் அதற்குத்தான்.

எனவே குழுவிடம் மூன்று எண்களைக் கேளுங்கள், அல்லது நீங்களே கொண்டு போய் வையுங்கள்: சாங்ஷன் ஆன தொகை, அதில் உண்மையில் கைக்கு வந்த தொகை, அதில் நம் சம்பளத்துக்கும் ஆய்வகத்துக்கும் செலவழிக்க அனுமதி உள்ள தொகை. மூன்றாவதுதான் உங்கள் இலக்காக இருக்க வேண்டும்.

ஒரு அறிவிப்பு வந்ததும் விண்ணப்பிக்க உட்காராதீர்கள். இந்தத் திட்டம் இல்லாவிட்டாலும் இந்த வேலையை நாம் செய்வோமா என்று முதலில் கேளுங்கள், பதில் இல்லை என்றால் விட்டுவிடுங்கள். பணத்துக்காக அமைப்பின் நோக்கத்தை வளைத்துக்கொண்டே போன இடங்களைப் பார்த்திருக்கிறேன், சில வருடத்தில் அங்கே கருவி செய்கிற ஆள் யாருமே மிஞ்சவில்லை, பயிற்சி வகுப்பும் போட்டோவும்தான் மிச்சம்.

வரவுசெலவு_மதுரை:

சிஏ-வாக இருக்கிறேன், இந்த மாதிரி அமைப்புகளின் தணிக்கைதான் என் வேலையில் பெரும்பகுதி. மானியத்தையும் ஒப்பந்தத்தையும் ஒன்றாகப் பேசுவது உங்களுக்கு உறுத்துகிறது என்றீர்களே, அந்த உறுத்தல் நியாயமானது. காரணம் வரி.

உங்கள் நோக்கம் வருமான வரிச் சட்டப்படி எந்த வகையில் பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள். கல்வி, மருத்துவம், ஏழைகளுக்கு உதவி, சுற்றுச்சூழல் போன்றவை ஒரு பக்கம். எதிலும் அடங்காதவை 'பொதுப் பயன்பாட்டுக்கான வேறு நோக்கம்' என்ற வகைக்குள் வரும், இன்குபேட்டர்கள் பெரும்பாலும் அங்கேதான் இருக்கின்றன. அந்த வகைக்கு 1961 சட்டத்தின் பிரிவு 2(15) ஒரு வரம்பு வைத்தது: வணிகத் தன்மையுள்ள செயல்களிலிருந்து வரும் கட்டணம் அந்த வருடத்தின் மொத்த வரவில் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் அந்த வருடத்துக்கு வரி விலக்கு போய்விடும். 2022 அக்டோபரில் அகமதாபாத் நகர்ப்புற வளர்ச்சி ஆணையம் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை விரிவாகவே சொல்லியிருக்கிறது. அடக்க விலைக்கோ அதற்குச் சற்று மேலோ கட்டணம் வாங்குவதை வணிகமாக எடுத்துக்கொள்ளத் தேவையில்லை, அதைவிட மிக அதிகமாக வாங்கினால் வணிகம், அப்போது 20 சதவீத வரம்பு பொருந்தும். ஆகவே மாநிலத் துறை வேலைக்கு விலை சொல்வதற்கு முன், அடக்க விலை எப்படி வந்தது என்பதற்கு ஒரு தாள் தயாரித்துக் கோப்பில் வையுங்கள். சட்டம் இப்போது 2025 சட்டமாக மாறிவிட்டதால் பிரிவு எண்கள் பழையபடி இருக்காது, உங்கள் தணிக்கையாளரிடம் அந்த இடத்தைக் காட்டச் சொல்லுங்கள்.

ஒப்பந்தம் என்றால் பெரும்பாலும் ஜிஎஸ்டி வரும், டிடிஎஸ் (முன்கூட்டிய வருமான வரி) பிடித்துத்தான் பணம் வரும். ஜிஎஸ்டி சேர்த்தா, சேர்க்காமலா என்று விலையில் தெளிவாக எழுதாமல் விட்டு, பிறகு 18 சதவீதத்தைக் கையிலிருந்து கட்டிய அமைப்புகள் உண்டு.

மானியத்தில் வேறு விதமான ஒழுங்கு. மத்திய அரசின் பொது நிதி விதிகள் (ஜிஎஃப்ஆர்) 2017-ஐ இறக்கி, 228-லிருந்து 245 வரை உள்ள விதிகளை ஒரு மாலை உட்கார்ந்து படியுங்கள். விதி 230-ன்படி மானியப் பணத்துக்கு வங்கி கொடுக்கும் வட்டி உங்களுடையது கிடையாது, கணக்கு முடிந்ததும் இந்தியத் தொகு நிதிக்குத் திருப்பிக் கட்ட வேண்டும், அடுத்த தவணையில் கழித்துக்கொள்ளுங்கள் என்று கேட்க முடியாது. மானியத்தில் வாங்கிய இயந்திரத்தை அனுமதியில்லாமல் விற்கவோ வேறு வேலைக்குத் திருப்பவோ கூடாது. யூசி எனப்படும் பயன்பாட்டுச் சான்றிதழ் ஜிஎஃப்ஆர் 12-ஏ படிவத்தில் போக வேண்டும். பொது மானியம், சம்பள மானியம், சொத்து உருவாக்க மானியம் மூன்றும் தனித்தனித் தலைப்புகள், 31, 36, 35 என்ற எண்களில் சாங்ஷன் ஆர்டரில் இருக்கும். சொத்துத் தலைப்பில் வந்த பணத்தில் சம்பளம் போட்டுவிட்டு வருடக் கடைசியில் சரிசெய்து கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

நொய்யல்_பெண்:

இரண்டு பேருக்கும் மிக்க நன்றி. 20 சதவீத விஷயம் எங்கள் குழுவில் யாருக்கும் தெரியாது என்றுதான் நினைக்கிறேன், நாளைக்கே பேசுகிறேன். இன்னும் ஒன்று: மத்தியத் திட்டத்தில் தவணைகள் தாமதமாகும் என்று பயமுறுத்துகிறார்கள், எவ்வளவு தூரம் உண்மை? துறைப் பக்கம் இருந்து பார்த்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். அந்த மாநில வேலையும் இன்னும் வாய்ப்பேச்சாகத்தான் இருக்கிறது, ஆட்களைத் தயார் செய்யச் சொல்கிறார்கள்.

கோட்டை_ஓய்வு:

அம்மா, நான் அரசில் நிதிப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். உங்களைப் போன்றவர்கள் அனுப்பும் காகிதங்கள் என் மேசை வழியாகத்தான் போகும்.

தாமதம் உண்மை. ஆனால் பாதி தாமதம் யூசி வராததால்தான். முந்தைய வருடப் பணத்துக்குத் தற்காலிக யூசியாவது வந்தால்தான் அடுத்த வருடப் பணத்தில் கை வைக்கலாம். அடுத்த வருடத் தொகையில் 75 சதவீதத்துக்கு மேல் விடுவிக்க வேண்டுமென்றால் தணிக்கை செய்த கணக்கும் யூசியும் மேசையில் இருக்க வேண்டும். மத்திய விதி 238 அப்படித்தான் சொல்கிறது. யூசி கொடுக்க நிதியாண்டு முடிந்து 12 மாதம் வரை அவகாசம் இருக்கிறதே என்று நிதானமாக இருப்பவர்கள், அந்தப் 12 மாதமும் தங்கள் கைப்பணத்தில் ஓட்ட வேண்டியிருக்கும். ஏப்ரல், மே மாதத்துக்குள் தற்காலிக யூசி, தணிக்கை முடிந்ததும் உடனே இறுதி யூசி, இப்படிப் பழகிய அமைப்பின் கோப்பைக் கீழே இருக்கும் உதவியாளரே தேடி எடுத்து மேலே அனுப்புவார், ஏனென்றால் அதில் அவர் எழுதிக் கேட்க ஒன்றும் இருக்காது.

மீதிப் பாதி தாமதம் எங்கள் பக்கம். மத்திய அமைச்சகங்களுக்குக் கடைசிக் காலாண்டில் 33 சதவீதம், மார்ச்சில் 15 சதவீதம் என்று வழக்கமாகச் செலவு வரம்பு உண்டு. உங்கள் தவணைக் கோரிக்கை பிப்ரவரியில் வந்தால் அது அந்த வரம்போடு முட்டும், அக்டோபரில் வந்தால் பட்ஜெட்டின் திருத்திய மதிப்பீட்டில் உங்கள் தொகையைச் சேர்க்கவும் வாய்ப்பிருக்கிறது. இப்போது பல திட்டங்களில் பணம் உங்கள் கணக்குக்கு வந்து தங்குவதில்லை, பிஎஃப்எம்எஸ் என்ற மத்திய அரசின் பணப் பட்டுவாடா இணைய அமைப்பு வழியாகச் செலவு வரம்பு மட்டும்தான் கொடுப்பார்கள். வருடக் கடைசிக்குள் பயன்படுத்தாத வரம்பு உங்களுக்கு நிற்காது. இயந்திரம் வாங்குவதென்றால் கொள்முதல் நடைமுறையை முன்னாலேயே தொடங்கிவிடுங்கள்.

அந்த மாநில வேலையைப் பற்றி. எழுத்தில் வேலை ஆணை வருவதற்கு முன் ஒரு ஆளைக் கூடச் சேர்க்காதீர்கள். உங்களிடம் பேசுகிற அதிகாரி நல்லவராகவே இருப்பார், மனப்பூர்வமாகத்தான் சொல்கிறார், ஆனால் அவர் மாற்றலாகிப் போனால் அடுத்து வருபவருக்கு அந்தப் பேச்சு தெரியாது. தமிழ்நாட்டில் 1998-ம் ஆண்டின் ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டம் இருக்கிறது, துறை உங்களை நேரடியாக அழைத்து வேலை கொடுப்பதென்றால் அந்தச் சட்டத்தின் எந்த விலக்கின் கீழ் என்று ஆணையில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் தணிக்கைக் குறிப்பு வரும், பணம் நிற்கும். டெண்டர் வழியாகத்தான் என்றால், வேலை விவரத்தை எழுதிக் கொடுங்கள் என்று உங்களைக் கேட்பார்கள். ஆர்வத்தில் எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். விவரத்தைத் தயாரித்தவரே போட்டியிட்டால் நலன் முரண்பாடு என்று உங்களை விலக்கிவிடலாம். எழுதுகிறீர்களா, போட்டியிடுகிறீர்களா என்பதை முதலிலேயே முடிவு செய்யுங்கள்.

மேட்டூர்_அணை:

ஐயா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். ஆளை எடுப்பது பற்றிக் கேட்டீர்களே, எழுதுகிறவரை முதலில் எடுக்காதீர்கள். மானியக் கணக்கு தெரிந்த ஒருவரை முதலில் எடுங்கள். விண்ணப்பத்தை நீங்களும், கருவி செய்கிற பையனும், களத்தில் இருப்பவர்களும் சேர்ந்து எழுதலாம், அதில்தான் உயிர் இருக்கும், வெளி ஆள் எழுதினால் எல்லா அமைப்பின் விண்ணப்பமும் ஒரே மாதிரி இருக்கும், படிக்கிற தேர்வுக் குழுவுக்கு அது முதல் பக்கத்திலேயே தெரிந்துவிடும். கணக்கை அப்படி எல்லோரும் சேர்ந்து பார்க்க முடியாது. ஒவ்வொரு மானியத்துக்கும் தனிக் குறியீடு, ஒவ்வொரு பில்லிலும் அந்தக் குறியீடு, பகுதி நேரமாக இரண்டு திட்டத்தில் வேலை செய்பவருக்கு நேரப் பதிவு என்று தினமும் பார்க்க ஒருவர் வேண்டும்.

குழுவிடம் கேட்க வேண்டிய இன்னொன்று கைப்பணம். தவணை வராவிட்டாலும் ஆறு மாதச் சம்பளம் கொடுக்கிற அளவுக்குத் தனியாக ஒதுக்கி வைக்கச் சொல்லுங்கள், சிஎஸ்ஆர் பணத்தை அதற்குத் தொடாதீர்கள், அந்த நிறுவனங்களுக்கும் கணக்குக் கொடுக்க வேண்டும். அந்த ஒதுக்கீட்டுக்குக் குழு ஒப்புக்கொள்ளாவிட்டால், பெரிய மத்தியத் திட்டத்தை இந்த வருடம் எடுக்க வேண்டாம் என்று நீங்கள் எழுத்தில் சொல்ல வேண்டும். தலைமை என்று போட்டுவிட்டு வேண்டாம் என்று சொல்லும் உரிமை தரவில்லை என்றால், அதையும் இப்போதே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்.

உப்புக் கிணறுக் கருவிக்கு இவ்வளவு காத்திருக்க வேண்டாம். மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் (டிஎஸ்டி) 'நிதி பிரயாஸ்' என்ற திட்டத்தில் மாதிரிக் கருவி செய்ய ஒருவருக்கு 10 லட்சம் வரை தருகிறார்கள், அந்த மையமாக அங்கீகாரம் பெற்ற இன்குபேட்டர்கள் வழியாக அவர் விண்ணப்பிக்கலாம். உங்கள் அமைப்பு அந்த மையமாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை, பக்கத்தில் இருக்கும் மையம் ஒன்றுக்கு அவரை அனுப்புங்கள்.

வரவுசெலவு_மதுரை:

அனுப்பும்போது ஒன்று கவனியுங்கள். அதே கருவிக்கு, அதே செலவுக்கு உங்கள் மத்தியத் திட்ட விண்ணப்பத்திலும் பணம் கேட்டிருந்தால் முதலில் அதை எடுத்துவிடுங்கள். ஒரே நோக்கத்துக்கு வேறு எங்கும் மானியம் வாங்கவில்லை, கேட்கவும் இல்லை என்று நீங்கள் கையெழுத்துப் போட்டுச் சான்று தர வேண்டியிருக்கும்.