புதுப்பிப்பு: "இல்ல, இல்ல" என்ற அந்தப் பாட்டி

போன வாரம் புலம்பியிருந்தேன்: மெடிக்கல் வார்டில் சர்க்கரை நோயுள்ள ஒரு பாட்டியிடம் படிவத்தில் இருந்தபடியே வரிசையாகக் கேட்டேன், எல்லாவற்றுக்கும் "இல்ல" என்றார், ஹிஸ்டரி (நோயாளி சொல்லும் நோய் விவரம்) எழுத ஒன்றுமே கிடைக்கவில்லை என்று. "முதலில் உட்காரு" என்று பலர் சொன்னீர்கள். நன்றி.

இன்று ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். பேனாவைப் பாக்கெட்டில் வைத்துவிட்டு, "வீட்டுல ஒரு நாள் எப்படிப் போகும் பாட்டி?" என்று மட்டும் கேட்டேன். கொஞ்ச நேரம் பதில் இல்லை. நானும் குறுக்கே பேசவில்லை.

"பஞ்சு மேல நடக்கிறாப்புல இருக்கு கண்ணு. செருப்பு கழண்டாக்கூடத் தெரியறதில்ல."

"கால் மரத்துப்போகுதா?" என்றபோது இல்லை என்றவர் இவர்தான்! என் வார்த்தை அவருடைய வார்த்தை இல்லை, அவ்வளவுதான்.

உடனே பாதத்தைப் பார்த்தேன். சுண்டுவிரல் இடுக்கில் சின்னப் புண், வலியே இல்லை என்றார். ஸ்டாஃப் நர்ஸ் அக்காவிடம் காட்டினேன். மேடம் வந்து 10 கிராம் மோனோஃபிலமென்ட்டால் (பாதத்தில் உணர்வு இருக்கிறதா என்று சோதிக்கும் மெல்லிய நைலான் இழை) தொட்டுப் பார்த்தார். வலது பாதத்தில் மூன்று இடங்களில் பாட்டிக்கு உணர்வே இல்லை. டாக்டரிடம் சொல்லி, டிரெஸ்ஸிங் ஆரம்பித்துவிட்டார்கள்.

கேஸ் ஷீட்டில் "பஞ்சு மேல நடக்கிறாப்புல" என்று அவர் சொன்னதையே மேற்கோளில் எழுதினேன். நாளை காலை ஷிப்டில் முதலில் அந்தப் பாதத்தைத்தான் பார்க்கப் போகிறேன்.