மணியும் மூன்றாவது மாடியும்

குழு: நம்ம வீடு

அண்ணன் (பெரியப்பா மகன், ஸ்ரீரங்கம்), காலை 7:12
அப்பாவுக்கு முழங்கால் ஆபரேஷன் தை மாதம் என்று முடிவாகிவிட்டது. அதற்கப்புறம் எங்களோடு இருக்கட்டும். ஆனால் மணியை விட்டுவிட்டு வரமாட்டேன் என்கிறார். அபார்ட்மென்டில் நாய் கூடாது என்கிறார் எங்கள் செயலாளர். என்ன செய்யலாம், சொல்லுங்கள்.

அத்தை (கும்பகோணம்), 7:20
வாயில்லா ஜீவனை மூன்றாவது மாடியில் அடைத்துவைத்தால் பாவம் தம்பி. திருக்காட்டுப்பள்ளியில் குடமுருட்டிப் படுகை முழுக்க அதன் ராஜ்யம்.

அப்பா (என் அப்பா, பெரியப்பாவின் தம்பி), 7:24
படுகை முழுக்க இல்லை அக்கா. டீக்கடை வரைதான். அதைத் தாண்டினால் அந்தத் தெரு நாய்கள் விடுவதில்லை 😄

சித்தப்பா, 7:25
பைரவர் வாகனம் வீட்டில் இருப்பது விசேஷம். வேண்டாம் என்று சொல்லாதீர்கள்.

அத்தை, 7:31
வாகனம் எல்லாம் சரி. நாலு வயதுப் பிள்ளை இருக்கிற வீடு. போன மாதம் எங்கள் தெருவில் ஒரு பையனை நாய் கடித்து ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்தார்கள். தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி என்ற பயம் எனக்கு இன்னும் போகவில்லை.

நான், 7:40
ஒரத்தநாடு கால்நடைக் கல்லூரியில் மூன்றாம் வருடம் படிக்கிறவளிடம் யாரும் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். தொப்புள் ஊசி போன தலைமுறையோடு போயிற்று அத்தை. இப்போது கையில்தான். அரசு ஆஸ்பத்திரியில் பொதுவாக 0, 3, 7, 28 என்ற கணக்கில் நாலு நாள் போடுவார்கள். கடியின் ஆழத்தைப் பார்த்துச் சில பேருக்கு அந்த இடத்திலேயே இன்னொரு மருந்தும் உண்டு. அதற்கு முன்னால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிஷம் கழுவ வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு எதையும் வைக்கக் கூடாது. மணிக்கு வருஷா வருஷம் வெறிநாய்த் தடுப்பூசி போட்டிருக்கிறது, அட்டை என்னிடம்தான் இருக்கிறது. எலிக்காய்ச்சலுக்கும் சேர்த்துப் போட்டாயிற்று. ஐப்பசியில் தெருவெல்லாம் தண்ணீர் நிற்கிற ஊருக்கு அது அவசியம்.

நான், 7:44
அண்ணா, செயலாளர் அப்படித் தடுக்க முடியாது. விலங்குகள் நல வாரியம் 2015-லேயே சுற்றறிக்கை விட்டிருக்கிறது. ஓட்டெடுப்பு நடத்தினாலும் சங்கம் நாயைத் தடை செய்யக் கூடாது, லிஃப்டில் ஏற்றாதே என்றும் சொல்லக் கூடாது.

அண்ணன், 7:50
ஜெயித்துவிடலாம் பாப்பா. அப்புறம் தினமும் அதே லிஃப்டில் அவர் முகத்தைப் பார்க்க வேண்டியது நான்தானே. நேரில் போய்ப் பேசுகிறேன். அசிங்கம் செய்தால் நாமே அள்ளுவோம், கயிறு இல்லாமல் வெளியே விடமாட்டோம் என்று சொன்னால் இறங்கி வருவார்.

சித்தப்பா, 7:52
இந்தச் செய்தி நீக்கப்பட்டது

அண்ணி, 8:05
எல்லாரும் செயலாளரையே பேசுகிறீர்கள். எட்டரைக்கு நான் பேங்க் கிளம்பினால் வீடு திரும்ப மாலை ஆறு. அவரும் அப்படித்தான். மாமாவுக்கோ ஆபரேஷன் ஆன கால். மணியைக் கீழே இறக்குவது யார்?

அப்பா, 8:31
நியாயமான கேள்வி.

நான், 8:36
அண்ணி கேட்டதுதான் விஷயமே. ஃப்ளாட் சின்னது என்பது பெரிய குறை இல்லை. மணிக்கு ஏழு வயது, பகல் முழுக்கத் திண்ணையில் தூங்குகிறவன்தான். ஓடியே பழகிய சிப்பிப்பாறை வேட்டை நாயாக இருந்தால் நானே வேண்டாம் என்பேன். ஆனால் அவன் இதுவரை மண்ணைத் தவிர வேறெங்கும் காலைத் தூக்கியதில்லை. கொட்டுகிற மழையிலும் திண்ணையிலிருந்து இறங்கி, வேலியோரம் போய்விட்டு, உடம்பை உதறிக்கொண்டுதான் ஏறுவான். டைல்ஸ் தரை அவனுக்கு வீட்டின் உள்பக்கம். மணிக்கணக்காக அடக்கிக்கொண்டு கதவைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பான். ஒரு நாளைக்கு நாலு முறையாவது இறக்க வேண்டும். மத்தியானம் பார்க்கிங் சிமென்ட் வேறு கொதிக்கும். புறங்கையை வைத்துப் பாருங்கள், ஏழு எண்ணும்வரை வைக்க முடியவில்லை என்றால் அவன் பாதமும் வெந்துவிடும்.

அத்தை, 8:40
அதைத்தானே நானும் சொன்னேன்.

அப்பா, 8:47
நான் ரிட்டையர் ஆகி வீட்டில் சும்மாதானே இருக்கிறேன். ஆபரேஷன் முடிந்து இரண்டு மாதம் ஸ்ரீரங்கத்தில் தங்குகிறேன். காலையில் மணியோடு கொள்ளிடக் கரை, குளித்துவிட்டுப் பெருமாள். அதற்குள் அண்ணனும் நடக்க ஆரம்பித்துவிடுவார்.

அண்ணி, 8:49
சின்ன மாமா வந்தால் எனக்கு ஆட்சேபணையே இல்லை. ஆனால் இரண்டு மாதம் கழித்து?

அண்ணன், 8:55
காலையும் ராத்திரியும் நான். மாலை நீ. மத்தியானத்துக்கு வாட்ச்மேனிடம் கேட்கிறேன், மாதம் ஏதாவது கொடுத்துவிடலாம்.

அண்ணி, 8:56
காலையும் ராத்திரியும் நான் என்பதை எல்லாரும் படித்துக்கொள்ளுங்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டேன்.

நான், 9:02
பெரியப்பா, ஆபரேஷன் வரை காத்திருக்க வேண்டாம். மார்கழியிலேயே பத்து நாள் மணியோடு வந்து தங்கிப் பாருங்கள். அவன் படுக்கிற சாக்கைத் துவைக்காமல் அப்படியே கொண்டுவாருங்கள், அந்த வாசனை இருந்தால் புது இடத்தில் தூங்குவான். பத்து நாளும் சாப்பிடாமல் கிடந்தால் வேறு யோசிக்கலாம்.

பெரியப்பா, 11:18
எல்லாம் படித்தேன். கண்ணாடி இல்லாததால் தாமதம். பஸ்ஸில் ஏற்றமாட்டார்கள், தம்பி கார் கொண்டுவந்தால் கல்லணை வழியாக வந்துவிடலாம். ஒன்று கேட்க வேண்டும். உங்கள் லிஃப்டில் முகம் பார்க்கிற கண்ணாடி இருக்கிறதா?

அண்ணன், 11:20
இருக்கிறது அப்பா. பின்பக்கம் முழுக்கக் கண்ணாடிதான். ஏன்?

பெரியப்பா, 11:26
சலூன்கடைக் கண்ணாடியில் ஒரு நாயைப் பார்த்துவிட்டு அரை மணி நேரம் குரைத்தவன் இவன். ஞாயிற்றுக்கிழமை நான் மட்டும் வந்து அந்த லிஃப்டைப் பார்த்துவிட்டுப் போகிறேன்.