தரம் 6 முதல் 9 வரையான பிள்ளைகளுக்குச் சுகாதாரம்: பத்து வெள்ளிக்கிழமைகளில் எதைச் சொல்லிக் கொடுக்கலாம்?

கேள்வி: வலதுகரை

அனைவருக்கும் வணக்கம். முல்லைத்தீவு மாவட்டத்தில் முத்தையன்கட்டுக் குளத்தை அண்டிய கிராமமொன்றின் சனசமூக நிலையத்தில் மாலை வகுப்பு நடத்தி வருகிறேன். தரம் 6 தொடக்கம் 9 வரை படிக்கும் 23 பிள்ளைகள் வருகிறார்கள். இதுவரை கணிதமும் விஞ்ஞானமும் மட்டுமே படிப்பித்தேன். சென்ற மாதம் பெற்றோர் கூடிப் பேசி, வெள்ளிக்கிழமைகளில் ஒரு மணித்தியாலத்தைச் சுகாதாரத்துக்கென ஒதுக்கும்படி கேட்டார்கள். தவணை முடிய இன்னும் பத்து வெள்ளிக்கிழமைகள் இருக்கின்றன.

பாடசாலையில் சுகாதாரமும் உடற்கல்வியும் என்ற பாடம் இருக்கிறது. புத்தகத்திலும் குறையில்லை, பிள்ளைகளும் கேட்டவுடன் ஒப்புவிக்கிறார்கள். என் மனத்தை உறுத்துவது வேறு. கை கழுவும் முறையை ஒரு பிழையுமின்றி வரிசையாகச் சொன்ன தரம் 8 மாணவி, அன்று மாலையே விளையாடி முடித்த கையோடு, மண் படிந்த விரல்களால் அவித்த கச்சானை உடைத்துத் தின்றுகொண்டிருந்தாள். அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கிணற்றடியில் ஒரு சவர்க்காரக் கட்டி வைக்க வேண்டும் என்று எனக்கே அதுவரை தோன்றியிருக்கவில்லை.

இந்தப் பிள்ளைகளில் பலருடைய தாய்மார் விடியமுன் ஆடைத் தொழிற்சாலைப் பஸ்ஸில் ஏறிவிடுகிறார்கள். வீட்டில் அம்மம்மாவும் தம்பி தங்கைகளுமே இருப்பார்கள். தம்பிக்குக் காய்ச்சல் வந்தாலும், அம்மம்மா கால் தடுக்கி விழுந்தாலும், முதலில் முடிவெடுக்க வேண்டியவர் பதின்மூன்று வயதுப் பிள்ளைதான். ஆகவே, புத்தகத்தில் உள்ள அனைத்தையும் மீண்டும் படிப்பிக்காமல், எங்களுடைய மண்ணில் இந்த வயதுப் பிள்ளை தனித்து நின்று செய்யத் தெரிந்திருக்க வேண்டியவை எவை என்று உங்களிடம் கேட்கிறேன். எங்களிடம் இருப்பது ஒரு கரும்பலகையும் ஒரு கிணறும் மட்டுமே.

மறுமொழி: குளக்கட்டு

தங்கச்சி, நான் வன்னியில் பொதுச் சுகாதாரப் பரிசோதகராக நீண்ட காலம் வேலை செய்து ஓய்வு பெற்றவன். கிணறு இருக்கிறது என்றீர்கள், அதுவே போதும். நீரிலிருந்து தொடங்குங்கள்.

முதல் வெள்ளிக்கிழமை பிள்ளைகளின் உள்ளங்கையில் இரண்டு துளி நல்லெண்ணெய் விட்டு, அதன் மேல் மஞ்சள் தூளைத் தூவி, இரு கைகளையும் நன்றாகத் தேய்க்கச் சொல்லுங்கள். பிறகு வழக்கமாகக் கழுவுவது போலக் கழுவி வரட்டும். பெருவிரலின் பின்புறத்திலும், விரலிடுக்குகளிலும், நகத்தின் அடியிலும் மஞ்சள் அப்படியே நிற்கும். அதன் பின் சவர்க்காரத்துடன் இருபது விநாடி தேய்த்துக் கழுவச் செய்யுங்கள். எஞ்சியிருந்த மஞ்சளைத் தன் கண்ணால் கண்ட பிள்ளைக்கு நீங்கள் எதையும் எழுதிக் கொடுக்க வேண்டியதில்லை. மலசலகூடத்துக்குச் சென்று வந்த பின்னரும் உணவைத் தொடும் முன்னரும் கழுவுவதை மட்டும் அழுத்திச் சொல்லுங்கள்; நாள் முழுவதும் கழுவு என்றால் ஒருவரும் கழுவமாட்டார்கள்.

அடுத்தது குடிநீர். இங்கு இரண்டு வேறு விடயங்களை மக்கள் ஒன்றாகக் குழப்பிக் கொள்கிறார்கள், படித்தவர்களும் கூட. நீரைக் கொதிக்க வைத்தால் வயிற்றோட்டத்தையும் நெருப்புக் காய்ச்சலையும் உண்டாக்கும் கிருமிகள் அழியும். கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படியும் சுண்ணாம்பைக் காட்டி, கொதிக்கும்போது நீரின் வன்மையில் ஒரு பகுதி இவ்வாறு வெளியேறுகிறது என்றும் விளக்கலாம். ஆனால் நிலத்தடியிலிருந்து கிணற்று நீரில் கரையும் புளோரைட்டு என்ற உப்புக் கொதித்தால் போகாது. நீர் ஆவியாகிக் குறையக் குறைய அதன் செறிவு சற்றுக் கூடவும் செய்யும். உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு வகுத்த உச்ச அளவு லீற்றருக்கு 1.5 மில்லிகிராம், வவுனியாவிலும் உலர்வலயத்தின் வேறு பல இடங்களிலும் அதற்கு மேல் காணப்படும் கிணறுகள் இருக்கின்றன.

இதை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு பாடசாலையில் பற்களைப் பார்வையிட்டபோது, முன்பற்களில் மண்ணிறக் கோடுகள் படிந்திருந்த ஒரு பையனை, ஒழுங்காகப் பல் துலக்குவதில்லை என்று எல்லோருக்கும் முன்னால் கடிந்துகொண்டேன். அவன் வாயைக் கையால் மூடிக்கொண்டு நின்றது இன்றும் கண்ணில் நிற்கிறது. அது அழுக்கல்ல. பற்கள் முரசுக்குள் உருவாகும் சிறு வயதில் புளோரைட்டு அதிகமுள்ள நீரைக் குடித்ததால் பல்லின் கடினமான மேற்படையான மிளிரியிலேயே விழுந்த கறை அது. எந்தத் தூரிகையாலும் போகாது. உங்கள் வகுப்பிலும் அப்படிப்பட்ட பற்கள் இருக்கக்கூடும். காரணத்தைச் சொல்லிவிடுங்கள்; பிள்ளைகள் ஒருவரையொருவர் கேலி செய்வது அன்றோடு குறையும். பற்பசையைப் பட்டாணியளவு மட்டும் எடுத்து, விழுங்காமல், காலையிலும் இரவு படுக்கும் முன்னரும் துலக்கினால் போதுமானது.

மூன்றாவதாக நுளம்பு. மாரி மழை தொடங்கும் முன் இதைச் செய்துவிடுங்கள். டெங்கு நுளம்பு பகலில், குறிப்பாக விடிந்த பின்னரும் பொழுது சாயும் நேரத்திலும் கடிக்கும். அது முட்டையிடுவது வாய்க்கால் சேற்றில் அல்ல. சிரட்டை, தயிர்ச் சட்டி, பழைய ரயர், நீர்த்தாங்கி போன்றவற்றில் தேங்கும் தெளிந்த நீரில்தான். முட்டைகள் பாத்திரத்தின் சுவரில் ஒட்டிக்கொண்டு, நீர் வற்றினாலும் மாதக்கணக்கில் உயிருடன் இருக்கும் என்பதால், நீரை ஊற்றிவிடுவது மட்டும் போதாது, உட்புறத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும். முட்டை நுளம்பாவதற்கு ஏறத்தாழ ஒரு கிழமை முதல் பத்து நாள் வரை செல்லும். கிழமைக்கு ஒரு நாள் வளவைச் சுற்றிப் பார்ப்பது ஏன் என்று பிள்ளைகளே கணக்கிட்டுச் சொல்லட்டும். மலேரியாவினால் வன்னி பட்ட பாட்டை இவர்களின் பாட்டன்மார் அறிவார்கள். 2016ஆம் ஆண்டில் இலங்கை மலேரியா அற்ற நாடாக உலக சுகாதார நிறுவனத்தால் சான்றளிக்கப்பட்டதென்றால், அதற்குப் பின்னால் வீடு வீடாக ஏறி இறங்கிய ஊழியர்களின் உழைப்பு இருக்கிறது. அதையும் ஒரு கதையாகச் சொல்லுங்கள்.

மறுமொழி: வாய்க்கால்வீதி

நான் தாதி உத்தியோகத்தராகக் கடமையாற்றுகிறேன். ஐயா கூறியவற்றுடன் எனக்கு முழு உடன்பாடு. எனினும் பத்து வகுப்புகளில் ஒன்றை மட்டுமே எடுக்க முடியும் என்றால், நான் பாம்புக்கடியைத்தான் எடுப்பேன்.

கடிபட்டவர் பதறாமல் அசையாது இருக்க வேண்டும். கடிபட்ட காலையோ கையையோ எலும்பு முறிவுக்குக் கட்டுவது போல ஒரு தடியுடன் தளர்வாகக் கட்டி அசையாமல் வைக்க வேண்டும். மோதிரம், காப்பு, கொலுசு ஆகியவற்றை உடனே கழற்ற வேண்டும். தாமதியாது வைத்தியசாலைக்குக் கொண்டு செல்ல வேண்டும். வெட்டுதல், வாயால் உறிஞ்சுதல், கயிற்றால் இறுக்கிக் கட்டுதல் ஆகிய மூன்றும் கூடவே கூடாது. பாம்பைத் தேடி அடித்துக் கொண்டுவர வேண்டிய தேவையுமில்லை. அப்படிப் போய்த் தாமும் கடி வாங்கி வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். புடையன் கடித்தால் வலியும் வீக்கமும் உடனே தெரியும். எட்டடி விரியன் அப்படியல்ல. இரவில் நிலத்தில் பாய் விரித்துப் படுத்திருப்பவரைக் கடிக்கும். வலி பெரிதாக இராது, பல் பதிந்த தடமும் தெரியாமல் போகலாம். நள்ளிரவில் வயிற்றுவலி என்று எழும்பிய பிள்ளைக்குக் கண்ணிமை சோர்ந்து விழுமானால், விடியும் வரை பார்த்திருக்கக் கூடாது. தரையில் படுப்பவர்கள் நுளம்பு வலையின் ஓரங்களைப் பாயின் கீழ்ச் செருகிப் படுப்பது இதற்கும் காப்பு.

1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும் என்பது பிள்ளைகளுக்குத் தெரியும். ஆனால் அழைத்த பின் என்ன சொல்வது என்று தெரியாது. ஒரு வகுப்பில் இதை நடித்துப் பாருங்கள். நீங்கள் மறுமுனையில் இருப்பவராக நின்று, "எங்கே இருக்கிறீர்கள்?" என்று கேளுங்கள். பெரும்பாலான பிள்ளைகள் "குளத்தடியில்" என்பார்கள். எந்தக் கிராமம், எந்த வீதி, எந்தச் சந்தியால் திரும்புவது, வீட்டுக்கு எதிரில் என்ன இருக்கிறது, நோயாளி மூச்சு விடுகிறாரா என்று ஒவ்வொருவரும் தன் வீட்டை வைத்துச் சொல்லப் பழக வேண்டும்.

காய்ச்சலுக்குப் பரசிற்றமோல் தவிர வேறு வலிமாத்திரை எதையும் வீட்டில் கொடுக்கக் கூடாது என்பதையும் சொல்லுங்கள். டெங்குவாக இருந்தால் அஸ்பிரின், இபுபுரூபன் போன்றவை இரத்தக் கசிவைக் கூட்டிவிடும். காய்ச்சல் இரண்டு நாளைக்கு மேல் நீடித்தால் வைத்தியரைக் காண வேண்டும். காய்ச்சல் விட்டவுடன் சுகமாகிவிட்டது என்று நினைப்பதுதான் பெரிய ஆபத்து, ஏனெனில் டெங்கு மோசமடைவது அநேகமாக அந்த நேரத்தில்தான். அப்போது கடும் வயிற்றுவலி, தொடர்ச்சியான வாந்தி, சோர்வு, சிறுநீர் குறைதல் என்பன தென்பட்டால் ஒரு மணித்தியாலமும் காத்திருக்கக் கூடாது. காலபோகத்தில் வயலில் இறங்குபவர்களுக்குக் காய்ச்சலுடன் கெண்டைக்கால் வலியும் கண் சிவத்தலும் வந்தால் எலிக்காய்ச்சலாக இருக்கலாம். வயலில் நின்றதை வைத்தியரிடம் சொல்வது பிள்ளையின் பொறுப்பு என்று சொல்லிக் கொடுங்கள், அம்மம்மா சொல்ல மறந்துவிடுவார். வயிற்றோட்டத்தில் இழக்கும் நீரையும் உப்பையும் ஈடுசெய்யும் ஜீவனித் தூளைக் கரைக்கும்போது ஒரு பக்கெற்றை முழுமையாக ஒரு லீற்றர் கொதித்தாறிய நீரில் கரைக்க வேண்டும். அரைப் பக்கெற்றை ஒரு தம்ளரில் கரைப்பது எங்கள் ஊரில் வழக்கமாக நடக்கும் பிழை.

மறுமொழி: நெல்லிமரத்தடி

நான் தரம் 7 பிள்ளைகளுக்கு வகுப்பாசிரியை. இரண்டு பெண் பிள்ளைகளின் தாய். பாம்பும் டெங்குவும் எப்போதோ ஒரு நாள் வருபவை; வெறும் வயிறு ஒவ்வொரு நாளும் வருகிறது. காலைக் கூட்டத்தில் மயங்கி விழும் பிள்ளையிடம் விசாரித்தால், வெறும் தேநீர் குடித்துவிட்டு வந்ததாகவே பதில் கிடைக்கும். பிள்ளை தானே எடுத்துச் சாப்பிடக்கூடிய காலை உணவு எது என்று வகுப்பில் பேசுங்கள். முதல் நாள் இரவு நீரூற்றி வைத்த சோற்றுடன் தயிரும் வெங்காயமும், அவித்த கௌபியும் தேங்காய்ப்பூவும், முளைத்த பயறு என எல்லாம் எங்கள் அடுக்களையில் இருப்பவைதான். சாப்பாட்டுடன் தேநீர் குடித்தால் கீரையிலும் பயற்றிலும் உள்ள இரும்புச்சத்து உடலில் சேர்வது குறைந்துவிடும். ஒரு மணித்தியாலம் கழித்துக் குடிக்கலாம். முருங்கையிலை வறையில் தேசிக்காய் பிழிந்தால் அதே இரும்பு கூடுதலாகச் சேரும். பாடசாலையில் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையை விழுங்கினால் மலம் கறுப்பாகப் போகும் என்பதற்காகப் பயந்து மேசைக்கடியில் போட்டுவிடுகிறார்கள். அது வழமையான மாற்றமே என்று ஒருவர் சொன்னால் விழுங்குவார்கள்.

இனிப்புப் பானங்களின் போத்தல்களில் 2016 முதல் நிற அடையாளம் இடப்படுகிறது. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு, 2 முதல் 11 வரை மஞ்சள், 2க்குக் குறைவென்றால் பச்சை. வெற்றுப் போத்தல்களைக் கொண்டுவரச் சொல்லிக் கணக்குப் போட வையுங்கள். 9 கிராம் என்று குறித்த மஞ்சள் அடையாளப் போத்தல் 400 மில்லிலீற்றர் என்றால் உள்ளே 36 கிராம் சீனி இருக்கிறது; தேக்கரண்டிக்கு 4 கிராம் வீதம் ஒன்பது தேக்கரண்டி. அந்த ஒன்பதையும் ஒரு தம்ளரில் அள்ளிப் போட்டுக் காட்டுங்கள்.

இன்னொன்று. மாதவிடாய் பற்றிய வகுப்பைத் தவிர்த்துவிடாதீர்கள். என்னுடைய வகுப்பில் ஒரு பிள்ளை மாதத்தில் மூன்று நாள் வராமலே இருந்தாள். வீட்டுக்குப் போனபோது, கோழிக்கூட்டுக்குப் பின்னால், ஒருவர் கண்ணிலும் படாதபடி ஒரு பழைய சட்டையின் அடியில் அவளுடைய துணிகள் ஈரம் காயாமல் தொங்கின. நல்ல வெயிலில் உலர்த்த வேண்டிய துணி நிழலில் ஒளிந்திருந்தால் தொற்று வருவதற்கு வேறு காரணம் வேண்டாம். அணையாடையோ துணியோ எதுவானாலும் நான்கு முதல் ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். சாமத்தியச் சடங்கை ஊரறியச் செய்யும் நாங்கள், அதற்கு அடுத்த மாதத்தில் பிள்ளை என்ன செய்ய வேண்டும் என்பதைக் காதோடு கூடச் சொல்வதில்லை. உளுத்தங்களியும் நல்லெண்ணெயும் முட்டையும் நல்ல உணவுகள்தான்; அவற்றுடன் இந்த அறிவையும் கொடுக்க வேண்டும். பெண் பிள்ளைகளுடன் உங்கள் பிரிவுக் குடும்ப நல உத்தியோகத்தரை ஒரு நாள் பேச வையுங்கள். தரம் 6 மாணவிகளுக்கு எச்.பி.வி. தடுப்பூசி எதற்காக ஏற்றப்படுகிறது, அது கருப்பைக் கழுத்துப் புற்றுநோயிலிருந்து எப்படிக் காக்கிறது என்பதையும் அவரே சொல்வார். ஆண் பிள்ளைகளுக்கும் அடிப்படையைச் சொல்லுங்கள். அவர்கள் கேலி செய்வதெல்லாம் தெரியாமைதான்.

நித்திரையையும் மறக்க வேண்டாம். இந்த வயதுக்கு ஏறத்தாழ ஒன்பது மணித்தியாலம் வேண்டும், தொலைபேசியோ பதினொரு மணி வரை தலையணைக்கடியில் ஒளிர்கிறது. நித்திரையின்மைக்குப் பின்னால் மனப்பாரம் இருப்பதாகத் தெரிந்தால், தேசிய மனநல உதவி இலக்கமான 1926ஐப் பிள்ளைக்குச் சொல்லி வையுங்கள்.

மறுமொழி: வலதுகரை

ஐயாவுக்கும் அக்காமார் இருவருக்கும் என் மனமார்ந்த நன்றி. இரண்டு வெள்ளிக்கிழமைகள் முடிந்துவிட்டன. மஞ்சள் தூள் வகுப்பில், அதிகம் கழுவியவர்கள் என்று நாங்கள் நினைத்திருந்த மூத்த பெண் பிள்ளைகளின் நகங்களிலேயே அதிகம் மஞ்சள் நின்றது. கிணற்றடியில் இப்போது ஒரு சவர்க்காரம் வலைப்பையொன்றில் தொங்குகிறது. காகம் தூக்கிச் செல்லாதிருக்க அந்த ஏற்பாட்டைச் செய்தது தரம் 6 பையன் ஒருவன். அம்புலன்ஸ் வகுப்பில், 23 பேரில் நான்கு பேரால் மட்டுமே தம் வீட்டுக்கு வழி சொல்ல முடிந்தது. இந்த வாரம் மீண்டும் அதையே செய்யப் போகிறோம்.

ஐயாவிடம் ஒரு கேள்வி. பற்களில் கறையுள்ள மூன்று பிள்ளைகள் ஒரே வீதியில் இருக்கிறார்கள். வகுப்பு முடிந்ததும் அவர்களில் ஒருவர் வந்து, தங்கள் கிணற்று நீரை எங்கே கொடுத்துச் சோதிப்பது என்று கேட்டார். என்ன பதில் சொல்வது?

மறுமொழி: குளக்கட்டு

முதலில் உங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைச் சந்தித்து, மூன்று பிள்ளைகளும் ஒரே வீதி என்பதைக் குறிப்பிட்டுச் சொல்லுங்கள். தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் ஆய்வுகூடத்தில் கட்டணம் செலுத்தியும் சோதிக்கலாம். புளோரைட்டையும் வன்மையையும் பார்க்க வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். கிருமிச் சோதனை வேறு, அதற்கான நீரைக் கிருமி நீக்கிய போத்தலில்தான் எடுக்க வேண்டும். முடிவு வரும் வரை, வீட்டிலுள்ள எட்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்காவது குடிக்கவும் சமைக்கவும் வேறு நல்ல நீரைக் கொடுக்கச் சொல்லுங்கள். மூத்த பிள்ளையின் பல்லில் விழுந்தது விழுந்ததுதான். தம்பி தங்கையின் பற்கள் இப்போதுதான் உருவாகிக்கொண்டிருக்கின்றன.