டிரிஃப்ட்டில் ஹேண்ட்பிரேக்கை எப்போது விடுவது?

புதுச்சக்கரம்: மூடிய மைதானத்தில், பின்சக்கரம் இழுக்கும் ஒரு பழைய காரில் டிரிஃப்ட், அதாவது வளைவில் காரின் பின்பக்கத்தை வேண்டுமென்றே வழுக்கவிட்டு ஓட்டுவது, பழகுகிறேன். வளைவுக்குள் திருப்பி ஹேண்ட்பிரேக்கை இழுத்தால் பின்பக்கம் வழுக்குகிறது, ஆனால் உடனே எஞ்சின் அணைந்துவிடுகிறது, இல்லையென்றால் கார் அப்படியே சுற்றி வந்த வழியைப் பார்த்து நிற்கிறது. எங்கே தப்பு?

கிளட்ச்பித்தன்: கிளட்சை மிதிக்காமல் இழுக்கிறீர்கள் போல. பின்சக்கரம் பூட்டிக்கொண்டால் அதோடு சேர்ந்த எஞ்சினும் நிற்கத்தானே செய்யும். கிளட்சை மிதித்து, லீவர் நுனியிலுள்ள பட்டனைக் கடைசிவரை அழுத்தியபடியே வெடுக்கென்று ஒரு இழுப்பு, பின்பக்கம் விலக ஆரம்பித்ததுமே லீவரை விட்டு, ஆக்சிலரேட்டரை மிதித்துக்கொண்டே கிளட்சை விடுங்கள். பட்டனை விட்டால் லீவர் மேலேயே மாட்டிக்கொள்ளும், எனக்கு முதல் நாள் முழுக்க அதுதான் நடந்தது.

ரப்பர்புகை: சுற்றிப்போவதற்குக் காரணம் ஸ்டீயரிங். பின்பக்கம் வழுக்கும் பக்கமே திருப்ப வேண்டும், அதுவும் தாமதிக்காமல். போக வேண்டிய இடத்தைப் பாருங்கள், கை தானாகப் போகும். தரை ஈரமாக இருந்தால் குறைந்த வேகத்திலேயே பழகலாம், டயரும் ஒரே இடத்தில் தேயாது.

புதுச்சக்கரம்: பட்டன் விஷயம் சரிதான்! முன்சக்கரம் இழுக்கும் காரில் இது நடக்குமா?

ரப்பர்புகை: வழுக்கும், அவ்வளவுதான். பின்சக்கரத்துக்கு விசை போகாததால் ஆக்சிலரேட்டரால் அந்த வழுக்கலைப் பிடித்துவைக்க முடியாது. லீவருக்குப் பதில் பட்டன் மட்டும் உள்ள எலக்ட்ரானிக் ஹேண்ட்பிரேக் என்றால் மறந்துவிடுங்கள்.