"கோப்பி காசு"ன்னு வந்த லஞ்சத்தைத் திருப்பிக் கொடுத்தாச்சு, அதோட முடிஞ்சுதா?

பாயான்_லெப்பாஸ்காரன்:
இங்க மலேசியாவுல ஒரு தொழிற்சாலையில கொள்முதல் பிரிவுல இருக்கேன். அட்டைப்பெட்டி சப்ளை பண்றவர் தீபாவளிக்கு ஹேம்பர் (பரிசுக்கூடை) அனுப்பினார். உள்ள ஒரு உறையில 2,000 வெள்ளி (ரிங்கிட்). அப்புறம் போன் பண்ணி, "அடுத்த குவோட்டேஷன்ல கொஞ்சம் பாத்துக்குங்க தம்பி"ன்னார். கூட வேலை பார்க்கிறவரை வச்சுக்கிட்டு அன்னைக்கே உறையைத் திருப்பிக் கொடுத்துட்டேன். வேற யார்கிட்டயும் சொல்லல. இது போதுமா?

பட்டர்வொர்த்_அண்ணன்:
தாராளமா போதும் தம்பி. நம்ம ஆளுங்க இந்த மாதிரி கம்பெனிகள்ல வெண்டரா நுழையறதே கஷ்டம். அவர்கிட்ட வேலை பார்க்கிறவங்களுக்கும் குடும்பம் இருக்கு. ஒரு புகார்ல அத்தனை பேர் வயித்துலயும் அடிக்கணுமா?

மாலா_சுங்கை_டுவா:
போதாது. 2009ஆம் ஆண்டு ஊழல் தடுப்பு ஆணையச் சட்டம், 25ஆம் பிரிவு. லஞ்சம் யாருக்குக் கொடுக்கப் பார்த்தாங்களோ, அவர் அதை எஸ்பிஆர்எம் (மலேசிய ஊழல் தடுப்பு ஆணையம்) அதிகாரிகிட்டயோ போலீஸ்கிட்டயோ, கொடுத்தவர் பேரோட சொல்லியாகணும். சொல்லாம மறைச்சா 100,000 வெள்ளி வரை அபராதம், 10 வருஷம் வரை சிறை, ரெண்டும் சேர்ந்தும் விழலாம். இது அரசாங்க ஊழியருக்கு மட்டும்தான்னு பலர் நம்பிக்கிட்டு இருக்காங்க. தனியாருக்கும் உண்டு.

பட்டர்வொர்த்_அண்ணன்:
பெரிய கம்பெனிங்க ஏஜெண்டு வழியா, ஆலோசனைக் கட்டணம்னு பில் போட்டே கொடுக்குது. உறையில வச்சுக் கொடுத்த சின்ன ஆளு மட்டும் கோர்ட்டுப் படி ஏறணுமா? எனக்கு நியாயமாப் படல. கூப்பிட்டுக் கண்டிச்சா திருந்திடுவாரு.

மாலா_சுங்கை_டுவா:
பெரியவங்களும் மாட்டணும், அதுல சண்டையே இல்ல. அதுக்குத்தான் அதே சட்டத்தோட 17ஏ பிரிவு 2020 ஜூன் 1ல இருந்து நடப்புல இருக்கு. தொழிலுக்காகக் கம்பெனி சார்பா யார் லஞ்சம் கொடுத்தாலும் கம்பெனியே குற்றவாளி. அபராதம் போட்டா லஞ்சத் தொகையைப் போல 10 மடங்கு அல்லது 10 லட்சம் வெள்ளி, எது அதிகமோ அதுக்குக் குறையாது. தடுக்கிறதுக்குப் போதுமான ஏற்பாடு செஞ்சிருந்தோம்னு கம்பெனிதான் நிரூபிக்கணும்.

ஆனா "நம்ம ஆளு"ங்கிற பேச்சுதான் அண்ணே எனக்கு ஆறல. அதே குவோட்டேஷனுக்கு நிபோங் திபால்ல இருந்து இன்னொரு நம்ம ஆளு உறை வைக்காம, விலையை மட்டும் எழுதி அனுப்பியிருக்கலாம். பெண்டாட்டி நகையை அடகு வச்சு லாரி வாங்கினவரா இருக்கலாம். ஏன் தோத்தோம்னே தெரியாம அவர் தொழிலை மூடிட்டுப் போவாரு. அவர் வயித்துல அடிச்சது யாரு?

எச்ஆர்_ஜெலுத்தோங்:
தம்பி, உங்க கழுத்தையும் பாருங்க. நாளைக்கு அதே ஆளுக்கு ஆர்டர் போச்சுன்னா, பணத்தைத் திருப்பினீங்கன்னு யார் நம்புவா? இன்னொண்ணு: 2010ஆம் ஆண்டு தகவல் தருவோர் பாதுகாப்புச் சட்டம், எஸ்பிஆர்எம், போலீஸ் மாதிரி அமலாக்கத் துறையில சொன்னவங்களுக்குத்தான் பாதுகாப்புத் தருது. மேனேஜர்கிட்டயோ ஃபேஸ்புக்லயோ சொன்னா அது கிடைக்காது.

பட்டர்வொர்த்_அண்ணன்:
மாலா சொன்ன லாரிக்காரர் விஷயம் உறைக்குது. ஆனாலும் கம்பெனிக்குள்ளயே பேசி அந்த வெண்டரை நீக்குறதோட நிறுத்தணும். கேஸுன்னு போனா வேலை இடத்துல இந்தத் தம்பியைத்தான் ஓரங்கட்டுவாங்க. நான் பார்த்திருக்கேன்.

பாயான்_லெப்பாஸ்காரன்:
குவோட்டேஷன் குழுவில இருந்து விலகுறேன்னு இன்னைக்கு மேனேஜருக்கு மெயில் போட்டுட்டேன், காரணத்தோட. மாலா அக்கா, 25ஆம் பிரிவுக்கு அது போதுமா?

மாலா_சுங்கை_டுவா:
இல்ல தம்பி. எஸ்பிஆர்எம், இல்லன்னா போலீஸ். அவர் போன் பண்ணின தேதி, நேரம், அந்த மெயில், எல்லாத்தையும் எடுத்துட்டுப் போங்க. உறையைத் திருப்பினப்ப கூட இருந்தவரையும் கூட்டிட்டுப் போங்க.